கேட்காமல் கிளம்பு

அன்புள்ள மருமகளுக்கு,

நீயும் குழந்தைகளும் நலம்தானே? கடலுக்குப் போன என் மகன் திரும்பிவிட்டானா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

நேற்று விடுதியில் தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் மாணவிகள் வெளியே ஓடிவிட்டார்கள். வார்டனான நான் மட்டும், மேலாளர் வந்து சொல்லட்டும் என்று மாடியிலேயே நின்றேன். சமையற்காரி ஏறி வந்து, "ஏம்மா, மேனேஜர் கையெழுத்து போட்டாத்தான் நெருப்பு புடிக்குமா?" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உன் நினைவு வந்தது.

போன புயலில் இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே நின்றாய். "அவரும் வரல, உங்ககிட்டயும் கேக்க முடியல அத்தை" என்று பிறகு சொன்னாய். கேட்காமல் வாசலைத் தாண்டாதே என்று நான் படித்த கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்லிப் பழக்கியவள் நான். உன் மாமனார் போனபின் நான் யாரைக் கேட்டு இங்கே வேலைக்கு வந்தேன்? தவறு என்னுடையது.

வருடாவருடம் கடல் கிட்டே வருகிறது. எச்சரிக்கை வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு. பூட்டுவதற்குக்கூட நிற்காதே. யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

என் கம்பளிச் சால்வையை அனுப்பி வை. சின்னவள் எழுதிய தாள் ஒன்றையும் அதற்குள் வை. பிழை இருந்தாலும் பரவாயில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. புயல் வந்தால், மேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சொன்னால் போதும், கண்ணு.

உன் அத்தை