வாசலுக்கு வெளியே கிடந்த இரும்பு

உன் பழைய கணினியை இன்று இயக்கிப் பார்த்தேன். உன் அம்மா கொடுத்தனுப்பியது. விசிறி சுற்றத் தொடங்கியதும் கேளம்பாக்கத்தில் நாம் தங்கியிருந்த அறையின் தூசு வாசனை வந்தது. நாம் சேர்ந்து ஆடிய அந்தக் கோட்டை விளையாட்டும் அதில் அப்படியே இருந்தது. மலையைக் குடைந்து நீ கட்டிய கோட்டை திரையில் எழுந்தது.

அந்த மலையில் இரும்பு கிடையாது. படையெடுத்து வருகிறவர்களை வீழ்த்தி, அவர்களுடைய கவசங்களையும் வாள்களையும் பொறுக்கிவந்து உருக்கினால்தான் நம் ஆட்களுக்கு ஆயுதம். முதல் படையை நாம் முறியடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலுக்கு வெளியே எங்கு பார்த்தாலும் இரும்பு.

"இன்னா மச்சான், சந்த மாதிரி கீது!" என்று கதவைத் திறந்துவிட்டாய். உன் ஆட்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். உனக்குப் பிடித்த கொல்லன் தன்னைவிடப் பெரிய கவசம் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். அப்போது திரையின் ஓரத்தில் இரண்டாவது படை தெரிந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே போடவும் இல்லை. நீ கதவை மூடியபோது உள்ளே திரும்பியவர்கள் சிலர்தான். கொல்லன் வரவில்லை.

"அள்றதுக்கு எல்லாரும் ஓடுறான் மச்சான். வழியப் பாக்க ஒருத்தன் நிக்கணும்" என்றாய். அதன்பிறகு ஒவ்வொரு போர் முடிந்ததும், எதையும் தூக்காத காவலாள் ஒருவனைத் தொலைவில் நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறப்பாய்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஊரிலிருந்து பைக்கில் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாய். திருப்போரூர் தாண்டி ஒரு வளைவில், எவர்சில்வர் பாத்திரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து கிடந்திருக்கிறது. சாலை முழுக்கக் குடங்களும் தட்டுகளும். சனங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அன்று சிறுசேரி அலுவலகத்தில் உனக்காகக் காத்திருந்தேன். நடந்ததை அந்த வளைவிலிருந்த டீக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார்.

"உன் பிரெண்டுதான் டிரைவர இஸ்து வெளிய போட்டுட்டாருபா. உள்ள கிளீனரு கீறான்னு திரும்பப் போனாரு. அந்தாண்ட வேன் வந்துகினு இருந்தத ஒருத்தரும் பாக்கல."

டிரைவர் பிழைத்துவிட்டார். கிளீனரும் கால் ஒடிந்ததோடு தப்பினார். உன் காரியத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். சாப்பிடாமல் போக உன் அம்மா விடவில்லை.

வண்டி ஓட்டும்போது இன்றும் சில நாள் எதிரே விபத்தைப் பார்க்கிறேன். யாராவது விழுந்து கிடப்பார்கள். சுற்றிலும் கூட்டம் ஓடும். நான் விழுந்தவரிடம் போவதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடுகிறேன். வளைவு இருந்தால் அதற்கு முன்னால் நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்துகிறேன். "விழுந்தவன் அங்க கீறான், இவன் எங்க ஓடுறான் பாரு" என்று திட்டுகிறார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.