மெழுகு வைத்து மூடிய ஜாடி

நேற்று செம்பூரில் மகன் வீட்டில் மருமகள் ஒரு நாசிக் ஒயின் பாட்டிலைத் திறந்து எனக்கும் கொஞ்சம் ஊற்றினாள். குடிக்கும் முன் மூக்கருகே கொண்டுபோனேன். கிராம்பும் பட்டையும் இல்லை. ஆனாலும் அடியில் அந்தப் புளித்த திராட்சை வாசம் இருந்தது. நீ போய் நாலு மாதமாகிறது. அழுதுவிட்டேன். ஒயின்தான் சரியில்லையோ என்று மருமகள் பயந்துபோனாள்.

அந்தக் காலத்தில் லேபர் கேம்ப் குடியிருப்பில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரே வயது, ஒரே சபை, இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சரசம் காய்ச்சிக் கொடுப்பது உன் பொறுப்பு. அதில் உனக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் கறுப்புக் கிஸ்மிஸும் கோதுமையும் சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் போட்டு, கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி ஜாடியில் ஒயின் புளிக்க வைப்பாய். அப்போது ஊரெங்கும் மதுவிலக்கு. என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போன பிறகு எனக்கு ஒரு தம்ளரில் இரண்டு விரல் அளவு தருவாய். நான் விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டு, மனசுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.

"ஏட்டி, மருந்தா குடிக்க? நாக்குல செத்த நிறுத்து. மொதல்ல கிராம்பு வரும், பொறவு பட்டை வரும்" என்பாய். எனக்குப் பயம்தான் வந்தது.

ஒரு வருஷம் ஜாடியை வைத்துவிட்டுத் தங்கையின் பிரசவத்துக்குக் கல்யாண் போனாய். உன் வீட்டுக்காரர் கப்பலில் இருந்ததால் சாவி என்னிடம் வந்தது. "தினம் ஒருக்கா கிண்டிவிடு. வாயில துணி மட்டும் கட்டு, அது மூச்சு விடணும்" என்றாய். மூன்றாம் நாள் ஒரு போலீஸ் ஹவல்தார் சாராயம் தேடிச் சந்துக்குள் வந்தான். வாசம் வெளியே போகக் கூடாதென்று தக்கையை அறைந்து, மெழுகுவர்த்தியை உருக்கி மேலே ஊற்றினேன்.

நீ திரும்பிய அன்று சாயங்காலமே உன் வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரிக்கும் அவசரத்தில் உன்னிடம் சொல்ல மறந்தேன். நம் சபைப் போதகரான ஐயர் முழங்காலில் நின்று நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கையில் கட்டிலுக்கடியில் டமாரென்று ஒரு சத்தம். ஜாடி வெடித்து, ஒயின் சிவப்பாக ஓடிவந்து அவருடைய வெள்ளை அங்கியை நனைத்தது.

"இது யார் வேலை?" என்று ஐயர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். குடியில் அப்பாவை இழந்தவர். நான் அந்த ஜாடியைத் தொட்டேன் என்று தெரிந்தால் மறுநாளே என்னை ஊருக்கு ரயிலேற்றியிருப்பார். நீ என்னைப் பார்த்தாய்.

"நான்தான் ஐயா. மூடிய இறுக்கி வச்சிட்டேன்" என்றாய்.

அடுத்த திருவிருந்துக்கு ரசம் வேறொருத்தி வீட்டிலிருந்து வந்தது. பிறகு உன்னிடம் யாரும் கேட்கவே இல்லை. அன்று பாத்திரத்தில் பருகிவிட்டு வந்து உட்கார்ந்து, "சர்க்கரை கூடிப்போச்சு" என்று என் காதில் சொன்னாய். வீட்டுக்கு வந்து நான் அழுதேன். "ஏட்டி, போ. நீ ஊருக்குப் போயிட்டா இங்க நான் யார்கிட்ட பேச?" என்றாய்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் ஜாடி வைத்தாய். அன்றுதான் முதல்முறையாக மூக்கைப் பிடிக்காமல் நாக்கில் நிறுத்தினேன். நீ சொன்னபடியே கிராம்பு வந்தது, பட்டை வந்தது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, நன்றி சொல்லத் தோன்றியது. உன்னிடம் மட்டும் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆன பிறகும், சபையில் உண்மையைச் சொல்ல விடாமல் வெட்கம் என் வாயை அடைத்திருந்தது. உன் நினைவுக் கூட்டத்தில் யாரோ அந்த ஜாடிக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். எழுந்து நின்றேன். "அதை மூடினது நான். அவ என்னைக் காப்பாத்துனா" என்றேன். கோபப்பட வேண்டியவர்கள் ஒருவரும் உயிரோடில்லை.

கூட்டம் முடிந்ததும் இப்போதைய ஐயரின் மனைவி வந்து, திருவிருந்து ரசம் காய்ச்சித் தருவீர்களா என்று கேட்டாள். உன் அளவில்தான் காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் என்னிடம் வந்தபோது உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்தினேன். சர்க்கரை சரியாக இருந்தது, ஏட்டி.