பச்சைக் கதவும் பச்சைத் துண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், சளி இல்லை.

இந்த மலைக்கிராமத்து வீடுகளை நிறம் மாறாமல் படமெடுத்து அனுப்ப வேண்டும். மாறினால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன வாரம் காலையில் ஒரு கதவை எடுத்து, அந்த வீட்டு அக்காவிடம் கேமராவில் காட்டினேன்.

“இது எங்க வீட்டுக் கதவே இல்லம்மா! நான் அடிச்சது பச்சை. இது நீலமால்ல இருக்கு!”

மலை நிழலில் நீலம் ஏறிவிட்டது. மத்தியான வெயிலில் வெளிறிப்போனது. சாயங்காலம் பின்வாங்கிப் பின்வாங்கி எடுத்ததில் படி தெரியாமல் கால் பிசகியது. வீக்கம் வடிந்துவிட்டது, பதறாதே. கதவோ பழுத்த இலை மாதிரி மஞ்சளடித்தது. இதில் எதும்மா நிஜ நிறம்?

துணிக்கடையில் நீ துணியை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் பார்ப்பாய். மானம் போகிறதே என்று நான் ஒதுங்கி நிற்பேன். இப்போது நானே வாசல் வாசலாக அலைகிறேன்.

ஒரு உதவி. தைக்கும்போது தோளில் போட்டிருப்பாயே, அந்தப் பச்சைத் துண்டை அனுப்பு. அதன் நிறம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கதவோடு சேர்த்து எடுத்தால், எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

தபால் ஜீப் ஹாரன் அடிக்கிறது. துண்டைத் துவைத்துக் கிவைத்து அனுப்பிவிடாதே. சாயம் போய்விடும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

உன் மகள்