ஒரு பக்கச் சிறகு

அக்கா,

இன்று காலை எழுந்ததும் நான் பால்கூடக் காய்ச்சவில்லை. தையல் மிஷின் டிராயரிலிருந்து உங்கள் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் போனேன். விரலில் உறுத்தக்கூடாது என்று நீங்கள் கைப்பிடியில் சுற்றிவைத்த நீல நூல் இன்னும் அவிழவில்லை. அதில் ஒரு மஞ்சள் கறை. முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசம்தான் வந்தது.

மாமனார் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த மணிலா ஆண் வாத்துக்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தான். சிவந்து தடித்த முகம், கத்தத் தெரியாமல் மூச்சைப் புஸ்புஸ் என்று விடும் கோபம். "அப்படியே நம்ம மாமனாரு சோத்துக்கு லேட்டானா வந்து நிப்பாருல்ல, அதே மாதிரி இருக்கு பாரு புள்ள" என்றீர்கள். அண்ணன் மனைவி நீங்கள், தம்பி மனைவி நான். ஒரு கூரையின் கீழே பதினெட்டு வருடம் இருந்த நமக்குள் மட்டும் ஓடிய சிரிப்பு அது. உங்கள் கொழுந்தனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இன்றுவரை தெரியாது.

தொட்டிமேல் ஏறிவிட்டார் என்றால் புது இறகு முளைத்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய இறகு உதிர்ந்து புதியது வரும். வந்ததும் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் மதிலைத் தாண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் அரியலூர் ரோடு, சுண்ணாம்புக்கல் லாரிகள்.

முதலில் மூன்று வாத்துகள் இருந்தன. ஒருநாள் காலையில் ஒரு பெட்டை பறந்துபோய் ரோட்டில் இறங்கியது. லாரிக்காரர் பிரேக் போட்டார், நின்றுவிட்டுப் போனார். குறை சொல்ல முடியாது. நீங்கள் முறத்தில் அதை அள்ளிக்கொண்டு வந்தீர்கள். "கறி ஆக்கிடலாமா அண்ணி?" என்று கேட்ட கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தீர்கள். முருங்கைமரத்தடியில் குழி தோண்டினோம்.

அன்றே நான் போனில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன், ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டினால் போதும் என்று. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு பக்கம் மட்டும் வெட்டுனா பாக்கறதுக்கு நல்லாவா இருக்கும்? மொட்டையும் மீசையுமா. ரெண்டு பக்கமும் சமமா வெட்டு." வெட்டினேன். மறுநாள் மாமனார் மதில்மேல் நின்று நம் இருவரையும் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்தால் கொஞ்சம் அதிகமாக அடித்தாவது எழும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால்தான் சாய்ந்து விழும். சிரித்துச் சிரித்து உங்களுக்கு விக்கல் வந்துவிட்டது.

அதன்பிறகு வருடாவருடம் வலப்பக்கம் மட்டும். நீங்கள் பழைய துண்டால் அதன் தலையை மூடி அக்குளில் இடுக்கிக்கொள்வீர்கள். நான் சிறகை விசிறிபோல விரித்து நுனி இறகுகளை வெட்டுவேன். ஒருமுறை அவசரத்தில் முற்றாத இறகை வெட்டிவிட்டேன். உள்ளே இரத்தம் ஓடும் இறகு அது. பொலபொலவென்று கொட்டியது. நீங்கள் ஓடிப்போய் மஞ்சள்தூளை அள்ளிவந்து அழுத்திப் பிடித்தீர்கள். கத்தரிக்கோலில் இருக்கும் கறை அன்றையது.

"வலிக்காதுக்கா, நகம் வெட்டற மாதிரிதான்" என்று அதற்கு முன்பெல்லாம் நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்று நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டீர்கள்: "வலிக்காதுன்னு அதுவா சொல்லிச்சு உங்கிட்ட?"

உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன மறுவருடம் உங்கள் தம்பி செட்டிகுளத்திலிருந்து வந்தார். மலைக்கோயில் அடிவாரத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, கிருத்திகைக்கும் பங்குனிக்கும் கூட்டம் வரும், அக்கா இட்லிக்கடை போடட்டும் என்றார்.  அன்று சாயங்காலமே உங்கள் பச்சை ஒயர்கூடையில் இரண்டு புடவையும் சாமி படமும் எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

உங்கள் கொழுந்தன் என்னிடம்தான் வந்தார். "நீ படிச்சவ. நீ சொன்னா அண்ணி கேப்பாங்க. இந்த வயசுல கடை போட்டு ஒக்காந்தா ஊரு நம்மளதான பேசும்?"

நான் சொன்னேன். ரொம்ப அன்பாகச் சொன்னேன். "தனியா அங்க போயி எதுக்குக்கா கஷ்டப்படணும்? அடுப்புல வேகணும், பஸ்ஸுல அலையணும். இங்க எங்க கண்ணு முன்னாடி பத்திரமா இருங்க."

"சரி புள்ள" என்றீர்கள். அவ்வளவுதான். மறுநாள் ஒயர்கூடை பரண்மேல் போய்விட்டது.

அக்கா, அந்த 'பத்திரம்' என்ற சொல்லை இந்த மூன்று மாதமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். பொய்யாகச் சொல்லவில்லை. உங்கள்மேல் எனக்கு இருந்தது உண்மையான அக்கறை. ஆனால் அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது. எட்டு மணி பஸ்ஸைப் பிடித்துப் பெரம்பலூர் காலேஜ் நூலக வேலைக்கு நான் போக வேண்டுமென்றால், வீட்டில் உலை வைக்க நீங்கள் வேண்டும். என் பையன் ஸ்கூலிலிருந்து வரும்போது கதவு திறந்திருக்க நீங்கள் வேண்டும். நான் உங்களைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு என் சௌகரியத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டினேன். சாப்பாடு, துணி, மரியாதை எல்லாம் அப்படியே இருந்தது. அதனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகும் வருடாவருடம் வாத்தைப் பிடித்துக்கொடுத்தீர்கள். "இந்தா வெட்டு, நான் புடிச்சுக்கறேன்" என்றீர்கள். என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், நீங்கள் சமாதானம் செய்திருப்பீர்கள், அதுவும் உங்கள் வேலையாகிப் போயிருக்கும்.

ஆடியில் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் நீங்கள் இல்லை.

நேற்று சாப்பிட்டுக்கொண்டே உங்கள் கொழுந்தன் கேட்டார். "அண்ணியே போயிட்டாங்க, இத வச்சிக்கிட்டு ஏன் மல்லுக்கட்டற? ஒண்ணு றெக்கைய வெட்டு, இல்லாட்டி ஞாயித்துக்கெழம கறிக்கடைக்காரர வரச்சொல்லிடறேன். ரோட்டுல போயி சாவறதுக்கு அது தேவல."

"வெட்டிடறேங்க" என்றேன்.

அதற்காகத்தான் இன்று காலை போனேன். தவிட்டைக் காட்டி மாமனாரை இறக்கினேன். பிடிக்க ஆளில்லாமல் முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு துண்டைப் போட்டேன். சிறகை விரித்தேன். கறுப்பில் பச்சை மின்னும் புது இறகுகள், ஒன்றுகூட உடையாமல். துண்டுக்குள்ளே அதன் நெஞ்சு என் தொடையில் இடித்தது. அதுவா சொல்லிச்சு உங்கிட்ட என்று அன்று நீங்கள் கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது.  கத்தரிக்கோலை மூடி மடியில் வைத்தேன்.

துண்டை எடுத்ததும் மாமனார் என்னை ஒரு தரம் புஸ்ஸென்று திட்டிவிட்டுப் பெட்டையிடம் போனார். இரண்டையும் கூண்டில் விட்டுக் கதவைப் பூட்டினேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் தேடினேன். ஒயர்கூடை அங்கேயே இருந்தது. புடவைகளை நீங்கள் எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறீர்கள். சாமி படம் மட்டும் அடியில் கிடந்தது.

உங்கள் தம்பி வயலில் கிணறும் பக்கத்தில் ஒரு குட்டையும் இருக்கிறது. தார்ரோடு வெகுதூரம். அங்கேயும் நாய் இருக்கும், கீரி இருக்கும். ஆனால் அவற்றிலிருந்து தப்பிக்கச் சிறகு உதவும், லாரியிடம்தான் உதவாது. சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு மாமனாரை உங்கள் ஒயர்கூடையிலும் பெட்டையை ஓர் அட்டைப்பெட்டியிலும் வைத்துக்கொண்டு பஸ் ஏறப்போகிறேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிக்கொள்வேன். செட்டிகுளத்தில் இறங்கியதும், வயலுக்குப் போகும் முன்னால், மலையடிவாரத்தில் அந்தச் சின்ன இடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இன்னும் இவரிடம் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்குக்கூடப் போன் செய்யவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.