தட்டட்டிக்குப் படி

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். கொண்டல் காற்று திரும்பிவிட்டது. துணி எதுவும் காயவில்லை.

செய்ய வேண்டியது: காயப்போட்ட வடகத்தை உள்ளே எடுக்க. பொன்னுவுக்குச் சுக்கு, ஓமம் இடிக்க. தட்டட்டியில் மழைத்தண்ணி போகிற தூம்பை யாராவது ஏறிப் பார்க்க. இதில் கடைசி என் கையில் இல்லை.

இந்த வீட்டில் தட்டட்டிக்கு (மொட்டைமாடிக்கு) போகப் படியே கிடையாது. பின்சந்தில் ஏணி சாத்தித்தான் ஏற வேண்டும். ஏணி பெரியவருடைய கருப்பட்டிக் கிட்டங்கியில் பூட்டிக் கிடக்கும். பெரியவர் என்றால் இவருக்கு (என் வீட்டுக்காரருக்கு) மூத்தவர். இவர் கொழும்பில் கடையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். யுத்தம் ஓயாமல் கப்பலேற மாட்டாராம். அதுவரை பெரியவர் வைத்ததுதான் இங்கே சட்டம்.

பொன்னு பெரியவர் மகள். தலைப்பிள்ளை பெற்றுப் பின்னறையில் படுத்திருக்கிறாள். முன்கட்டு முழுக்கக் கருப்பட்டி மூட்டை, வேறு அறை இல்லை. அவள் படுக்கைக்கு நேர் மேலே ஈரத்தழும்பு. போன மழைக்கு உள்ளங்கை அளவு இருந்தது. இப்போது சுளகு அளவு.

அக்காளிடம் (பெரியவர் மனைவி, என் ஓரகத்தி) சொல்லி, உள்ளேயிருந்தே ஒரு படி கட்டும்படி பெரியவரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேசுவது எங்களில் வழக்கமில்லை. எனக்குச் சொல்வதை அக்காளிடம் சொல்வார், நான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"படி வச்சா என்ன ஆவும்னு அவகிட்டயே கேளு. சாயங்காலம் ஆனா மேல போயி நிப்பாளுவ. ஊருக்கே காட்சி."

யார் நிற்கப் போகிறார்கள்? நான்தான். நின்றால் என்ன? கொஞ்சம் காற்று வாங்கினால் குடி முழுகியா போய்விடும்?

ஐப்பசி 5, புதன்

தூறல்.

இன்று சுடலையை ஏறச் சொன்னார் பெரியவர். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். உடன்குடிப் பக்கம் பனை ஏறிப் பழகியவன் என்பதால் எப்போதும் அவன்தான்.

இங்கே ஒரு முறை உண்டு. தட்டட்டி ஏறுகிறவன் முதலில் சந்தில் நின்று "ஆளேறுதோ... ஆளேறுது!" என்று கத்த வேண்டும். கிணற்றடியில் குளிக்கிற பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இறங்கிவிட்டு "எறங்கியாச்சு!" என்று கத்துவான். அதுவரை ஒரு கதவும் திறக்காது.

சுடலை கத்தினான். நாங்கள் சாத்தினோம். பின்வீட்டிலும் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் சுக்கு இடித்தேன். சோறு வெந்து வடித்தும் ஆயிற்று. இன்னும் இறங்கின சத்தம் வரவில்லை. "இவன் மேல படுத்து ஒறங்குதானோ" என்று அக்காளிடம் வைதேன். அக்காள் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தோம்.

பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்தேன். சந்தில் மல்லாக்கக் கிடக்கிறான், ஏணி அவன் மேலே. தொடை ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது. கண் திறந்துதான் இருந்தது.

"கூப்பிட்டேம்மா. ஒருத்தரும் தொறக்கல."

கேட்டிருக்கும். உலக்கைச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். பின்வீட்டில் யார் உலக்கை போட்டார்கள்? மேலே ஆள் இருக்கிறது என்று எல்லோரும் மானமாக உள்ளே இருந்திருக்கிறோம்.

ஐப்பசி 6, வியாழன்

சுடலைக்குத் தொடை எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இனி மூட்டை தூக்குவானா தெரியாது. பெண்டாட்டி வந்து பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். கஞ்சி கொடுத்தேன், குடிக்கவில்லை.

பெரியவர்: "மழையில ஏணி வழுக்கத்தான் செய்யும். நான் என்னத்தச் செய்ய?"

படி கட்ட வேண்டியதுதான். இதை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

விடாத மழை. ஒழுகல். முதலில் அண்டா வைத்தோம், பிறகு இரண்டு குத்துப்போணி, பிறகு பிள்ளை குளிக்கிற தாம்பாளம். பொன்னுவின் பாயை மூலைக்கு இழுத்தோம். பச்சை உடம்பு, ஈரத்தரை. பிள்ளைக்குத் தும்மல்.

ஏற ஆள் இல்லை. சுடலை விழுந்த கதை ஊரெல்லாம் போய்விட்டது. கூப்பிட்டவனெல்லாம் "மழை விட்டு வெறிக்கட்டும்" என்கிறான். மழை வெறித்தால் உன்னை எதற்குக் கூப்பிடுகிறேன், ராசா?

ஐப்பசி 10, திங்கள்

நான் ஏறினேன்.

ஏணி அன்றைக்கு விழுந்த இடத்திலேயே கிடந்தது. யாருக்கும் அதைத் தொட மனமில்லை. பெரியவர் கிட்டங்கிக்குப் போனதும் சாத்தினேன். அக்காள் பிடித்துக்கொண்டாள், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். குரல் கொடுக்கவில்லை. பெண்பிள்ளை சந்தில் நின்று கத்தினால் அதுவே பெரிய கதையாகும்.

மேலே முழங்காலளவு தண்ணீர். தூம்பு வாயில் பூவரசு இலை, காக்கைக் கூட்டுச் சுள்ளி, எவனோ எறிந்த கந்தல். கையை விட்டுப் பிடுங்கினேன். தண்ணீர் குபுகுபுவென்று போயிற்று. அவ்வளவுதான் வேலை. இதற்கா ஒரு மனுஷன் தொடை போனது?

உடனே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. கடல் தெரிந்தது. சாம்பல் நிறம். தோணிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் கடல் இருக்கிறது என்று காற்றை வைத்துத்தான் தெரியும். அழுகை வந்தது, அழுதேன். நல்லாயிருந்தது.

இறங்கத் திரும்பினால் கால் வரவில்லை. ஏணியின் மேல்கம்பு சவுக்காரம் மாதிரி வழுக்குகிறது. கீழே சுடலை கிடந்த இடம். குப்புறப் படுத்துக் காலைத் துழாவித் துழாவி ஏணிக்கம்பைத் தேடினேன். அக்காள் கீழேயிருந்து, "கொஞ்சம் இங்கன... இன்னும் கொஞ்சம் இங்கன, ஏளா" என்றாள். அப்போதுதான் பின்வீட்டு அம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசி 12, புதன்

பின்வீட்டு அண்ணாச்சி கிட்டங்கிக்கே வந்து, நாலுபேர் முன்னால்: "ஒங்க வீட்டுப் பொம்பள எங்க கெணத்தடிய எட்டிப் பாக்குதா. கேக்க ஆளில்லயா?"

பெரியவர் முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தார். அக்காளிடம் சொன்னார், தூணைப் பார்த்துக்கொண்டு: "தம்பி வாரமட்டும் அவ நடை தாண்டக் கூடாதுன்னு சொல்லு. தண்ணி எடுக்கவும் போவாண்டாம்."

ஏணி கிட்டங்கிக்குப் போய்விட்டது. நான் நடைக்கு உள்ளே. இரண்டுக்கும் ஒரே பூட்டு போதும்.

இவருக்கு எழுதலாமா? எழுதினால் அண்ணன் சொல்வதைக் கேள் என்பார்.

ஐப்பசி 18, செவ்வாய்

மதியம். சோற்றுக்கு இலை போட்ட நேரம். பின்னறையில் தொம்மென்று சத்தம். பொன்னு அலறினாள்.

மேலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. அம்மி அளவு துண்டு. பிள்ளையின் தலைமாட்டில், அணைத்து வைத்த துணி மேல். பிள்ளை மேல் தூசிதான். பிள்ளை அழவில்லை, முழித்துப் பார்த்தது. உத்திரம் கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்குகிறது.

அக்காள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே பெரியவர் முன்னால் போய் நின்றாள். அவள் அவர் முன்னால் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "ஒங்க மானத்த எம்பேரன் தலையிலயா எறக்குதீய?"

அவர் இலையைப் பார்த்தார். எழுந்து கை கழுவினார். சாயங்காலம் கொத்தனார் வந்தார்.

ஐப்பசி 26, புதன்

படி எழும்புகிறது! உத்திரத்தை மாற்றியாயிற்று. பின்கட்டு மூலையில், வீட்டுக்குள்ளேயே படி. செங்கல்லும் சுண்ணாம்பும். கடுக்காய் ஊறப்போட்டு, கருப்பட்டித் தண்ணி விட்டுக் காரை அரைக்கிறார்கள். வீடே இனிப்பாய் மணக்கிறது. ஈரச் சேலையோடு ஒரு பெண் கால் மாற்றி வைக்கிற அகலம் வேண்டும் என்று அக்காள் மூலம் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன். அப்படியே கட்டுகிறார். பிடித்து ஏற ஒரு பக்கம் பனங்கட்டை.

இரண்டு நாளாய்ப் பாட்டு வாயில் வருகிறது. அக்காள் கேலி பண்ணுகிறாள்: "ஏளா, ஒனக்குக் கல்யாணமா?"

கார்த்திகை 4, வியாழன்

முடிந்தது. எழுதவே பிடிக்கவில்லை.

மேலே சுற்றிலும் சுவர் உயர்த்திவிட்டார்கள். என் தலைக்கு மேல் ஒரு முழம். பின்வீட்டுக்குச் சமாதானம். மேலே நின்றால் வானம் மட்டும், கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி.

படிக்குக் கீழே கதவு. கதவுக்குப் பூட்டு. சாவி பெரியவர் அரைஞாணில். "தூம்பு பாக்கணும்னா எங்கிட்ட கேக்கச் சொல்லு, தாரேன்." பேசக்கூடாதவரிடம் நான் எப்படிக் கேட்க?

கார்த்திகை 9, செவ்வாய்

ராத்திரி தொடங்கிய மழை நிற்கவேயில்லை. பெரியவர் நேற்றே கருப்பட்டி பிடிக்க உடன்குடி போனார். அரைஞாணும் கூடவே போயிற்று.

சுவர் உயர்த்தியதால் இப்போது மேலே நிற்பது குளம். பழைய தூம்பு அதே ஒன்றுதான். புது உத்திரம் முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. பொன்னுவையும் பிள்ளையையும் முன்கட்டு மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

நானும் அக்காளும் கதவு முன்னால் நின்றோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியம். அக்காள் உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தாள்.

"ஏளா, தள்ளி நில்லு."

மூன்று, நாலு குத்து. பலகை பிளந்தது. அவள்தான் முதலில் ஏறினாள். எனக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்தவள், இன்றுதான் மேலே போகிறாள். படிவாயில் கட்டியிருந்த தடுப்பைத் தாண்டி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தூம்பில் கை விட்டு, இலையை வாரி வாரி எறிந்தாள். தலைமயிர் அவிழ்ந்து முகமெல்லாம் மழை. சிரித்தாள். பல் தெரிய அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

கார்த்திகை 10, புதன்

மழை விட்டு வெறிச்சல். பெரியவர் வந்துவிட்டார். உடைந்த கதவைக் குனிந்து பார்த்தார்.

"நான்தான் ஒடச்சேன்" என்றாள் அக்காள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நேரே என்னைப் பார்த்தார், நேரே பேசினார். முதல் தடவை. "நீயா?"

அக்காளை அடிப்பார் என்று பயந்தேன். எனக்கென்ன, நான் ஏற்கெனவே நடைக்கு உள்ளே கிடப்பவள். "ஆமா, நான்தான்" என்றேன். உடனே நம்பிவிட்டார். ஆசாரிக்கு ஆள் அனுப்பினார். இந்தத் தடவை வேங்கைப் பலகையாம், இரண்டு பூட்டாம்.

அக்காளுக்கு உதவினதாக நினைத்தேன். மத்தியானம் வரை அவள் என்னோடு பேசவில்லை. அடுப்படியில் கையைப் பிடித்துக் கேட்டேன். உதறினாள்.

"இந்த வீட்டுக்கு வந்து நானா செஞ்சது அது ஒண்ணுதாம், ஏளா. அதயும் நீ எடுத்துக்கிட்ட."

ஆசாரி கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறான்.