இடது கைத் துருவி

வெள்ளிக்கிழமை, இரவு.

மகள் தேன்மொழிக்குப் பிளஸ் டூவில் பொருள் வடிவமைப்பும் ஒரு பாடம். இன்று செய்முறைத் தேர்வு. இதில் மதிப்பெண் போனால் அவள் ஆசைப்படும் டிசைன் கல்லூரி கிடைக்காது. நான் வகுப்பு வாசலில் நின்றேன்.

அவள் செய்தது, இடது கைக்காரர்கள் சுற்றும் தேங்காய்த் துருவி. வெளியூர்த் தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"இத யாரும்மா வாங்குவா?"

"எங்கப்பா வாங்குவாரு சார். வாசல்லதான் நிக்கிறாரு, கூப்பிடவா?"

உள்ளே போனேன். வாத்தியார் ஒருவர் முன்னால் நின்றதும் என் வலது கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. இடது கையால் எழுதியதற்காக ஐந்தாம் வகுப்பில் ஒருவர் என் விரல் முட்டியிலேயே அடித்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அப்பா, அந்தக் கை இல்ல. ஒங்க கை."

கை மாற்றிச் சுற்றினேன். தேங்காய் பூப்பூவாக விழுந்தது. தேர்வாளர் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே எழுதினார்: ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

குளத்தூர் பஸ்ஸில் மிச்சத் தேங்காயைத் தின்றபடி, சிரித்துக்கொண்டே வந்தோம். கதையைக் கேட்ட மனைவி, "அப்ப இனிமே சட்னிக்குத் துருவுறது நீங்கதாங்க" என்றாள்.

துருவுகிறேன், சந்தோஷமாகவே. ஆனால் அந்த ஆள் இரண்டு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தார்?