நான் பாதியில் நிறுத்திய விளக்கம்

நேற்று வாசகசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். மத அடிப்படைவாதம் பற்றி மறுபடியும் ஒரு நாள் பேச வேண்டுமாம். பழைய குறிப்புகளைத் தேடி பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம் அடித்தது. மஞ்சளேறிய தாளின் மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்தில், 'எடுத்துக்காட்டு: தையற்காரி' என்று இருந்தது. மேற்கொண்டு படிக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தையற்காரி நீதான். நீ இறந்து எட்டு மாதமாகிறது.

காரோட்டில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரிக்கு அரசியல் பாடம் நடத்தப் போனேன். நீ பாறசாலையில் தையல்கடை வைத்தாய். மிஷன் சபையில் பிறந்த நீ, நாற்பது வயதுக்குமேல் கண்டிப்பான சின்ன ஜெபக்கூட்டம் ஒன்றில் சேர்ந்தாய். கம்மலைக் கழற்றினாய். கோயிலிலிருந்து நான் கொண்டுவரும் பாயசத்தை, சிறுவயதிலிருந்து விரல் நக்கிச் சாப்பிட்டதை, வேண்டாம் என்றாய். "வருத்தப்படாத மக்கா. எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது எனக்கு மட்டுமாக்கும்" என்று சொன்னாய். எனக்கு வருத்தம்தான். அதை உன்னிடம் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வாசகசாலை ஆண்டு விழாவில் ஐந்து பெண்கள் சேர்ந்து நிலவிளக்கு என்கிற குத்துவிளக்கை ஏற்றுவதாக ஏற்பாடு. உன் பெயரைக் கொடுத்தவள் நான், உன்னிடம் கேட்காமலே. உன் முறை வந்தபோது கைகூப்பி, "நான் கொளுத்தமாட்டேன், ஒண்ணும் நெனைக்கப்பிடாது" என்று ஒதுங்கி நின்றாய். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அப்போது காற்றில் திரி படபடத்தது. நீதான் போய் ஜன்னல் கதவைச் சாத்தினாய். சுடர் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டே உட்கார்ந்தாய். அதை நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் அதே அறையில் என் பேச்சு. நீயும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அந்தச் சொல்லின் கதையை நன்றாகவே சொன்னேன். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சில புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள், விசுவாசத்தின் அடிப்படைகளை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பெருமையோடு தங்களுக்கே வைத்துக்கொண்ட பெயர் அது. பிறகு எல்லா மதத்தாருக்கும் பரவியது. இன்றோ யாரும் அதைத் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை, அடுத்தவரைப் பற்றி மட்டுமே சொல்கிறோம். இதுவரை சரி.

அடிப்படைவாதம் என்றால் என்ன என்பதற்குத் தாளில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வேதம் சொன்னது எழுத்துக்கு எழுத்து சத்தியம் என்று பிடித்துக்கொள்வது முதல் வரி. மற்றவர்களும் அதற்குப் பணிந்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவது இரண்டாவது வரி. நான் முதல் வரியோடு நிறுத்தினேன். இரண்டாவதையும் வாசித்திருந்தால் என் எடுத்துக்காட்டு நின்றிருக்காது. "விளக்கு ஏற்றுவதைக்கூடப் பாவம் என்று நினைப்பவர்கள், துணி தைத்துக்கொண்டு, நம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டு இங்கேயே இருக்கிறார்கள்" என்றேன். எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள்.

அந்த வருடமும் அம்மன் கோயில் தாலப்பொலி ஊர்வலத்துக்கு, விளக்குத் தட்டேந்திப் போகும் சிறுமிகளின் பாவாடையெல்லாம் உன் மெஷினில்தான் தைத்தது. ஜெபக்கூட்டத்தார் தடுத்தபோது, "பிள்ளைகளுக்க துணியாக்கும். நான் தைப்பேன்" என்று அவர்களிடம் சொன்னாய். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். பேச்சில் அதையும் நான் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் வாசலில் எனக்காக நின்றாய்.

"அது என்னையாக்கும் சொன்னது, இல்லியா?"

"உனக்க பேரு நான் சொல்லல்லியே."

"பேரு சொல்லியிருந்தா நானும் எழும்பி நாலு வார்த்தை பறஞ்சிருப்பேனே மக்கா."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாய்.

அடிப்படைவாதி என்ற பெயரை உனக்கென்று ஊர் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் தாலப்பொலித் துணி வேறு கடைக்குப் போனது. "டீச்சரே சொன்னாவல்லியா" என்றார்களாம். உன் கடை முன்னால்தான் என் பஸ் நிற்கும். நான் மறுபக்க இருக்கையில் உட்காரப் பழகிக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் எழுந்து, அன்று சொன்னது தப்பு என்று சொன்னால் போதும். மூன்று வருடம் சொல்லவில்லை. உனக்கு வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டும் வந்து பார்க்கவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குதான்.

உன் அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றேன். அமரவிளையில் கட்டிக்கொடுத்த உன் தங்கச்சி என்னைக் கண்டு வந்து கையைப் பிடித்தாள். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா உங்கள ஒரு குத்தமும் சொன்னது இல்ல" என்றாள். "கெடையில கெடக்கும்போ ஒரு நாளு எங்கிட்ட கேட்டா, 'அவ படிச்சவ, தெரிஞ்சுதானே சொல்லியிருப்பா. எட்டி, நான் ஆருக்காவது உபத்திரவம் செய்திருக்கேனா?' எண்ணு. இல்லக்கா எண்ணு நானும் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு நம்பிக்கை வரல்ல."

நீ என்னைக் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் பாதி விளக்கத்தை நம்பி, நோயில் கிடந்தபோது உன்னையே சந்தேகித்திருக்கிறாய். உன் தங்கச்சியிடம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போதெல்லாம் வகுப்பில் யாரையாவது அந்தப் பெயரால் சொல்ல வாயெடுத்தால், உன் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. ஆருக்காவது உபத்திரவம் செய்திருக்கேனா?

நீ செய்யவில்லை. செய்தது நான்.